ஒரு செம்மண் பாத்தியிலிருந்து குன்னூர் வரை

அட்மா திட்டத்தில் விவசாயிகளைக் கண்டுணர்வுச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, விளைச்சல் அமோகமாக இருக்கும் பண்ணைகளைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்போம். காய் தொங்கும் பந்தல், குலை சாயும் வாழை என்று பார்த்தால் மனசு நிறையும். இந்த முறை நாமக்கல் மாவட்டத்தில் எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த நாற்பது பேரை நான் கூட்டிப்போன முதல் இடம் அப்படிப்பட்டதல்ல. வண்டியை விட்டு இறங்கியதுமே, "இதக் காட்டவா சார் இத்தன தூரம் கூட்டியாந்தீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். எதிரே இருந்தது ஒரு செம்மண் வயல். சில பாத்திகளில் மக்காச்சோளம் தலைக்கு மேல் நின்றது. சில பாத்திகளில் முழங்காலுக்குச் சற்று மேலே வெளிறிப்போய் நின்றது.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. "உயிர் உரம் பாக்கெட் வாங்கிப் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியலை" என்பது வேளாண் விரிவாக்க மையத்தில் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை. அதற்கான பதில் அந்த வயலில் இருக்கிறது. இன்னொரு பாதி பதில் மலைக்கு மேலே குன்னூரில் இருக்கிறது. இரண்டையும் இரண்டு நாளில் பார்த்து வந்தோம்.

1909-ல் தொடங்கிய வயல்

சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி, 1906-ல் கோவைக்கு இடம் மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். கோவைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1909-ல், ஒரு நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து நிரந்தர உர ஆய்வைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற ஊரில் 1843 முதல் நடந்துவரும் ஆய்வுதான் இதற்கு முன்மாதிரி. 1925-ல் இன்னொரு தொகுதிப் பாத்திகளும் சேர்ந்தன.

ஏற்பாடு எளிமையானது. ஒரு பாத்திக்கு ஒன்றுமே இடுவதில்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்து மட்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து இடும் பாத்திகள் உண்டு. மூன்றையும் சேர்த்து இடும் பாத்தி உண்டு. தொழு உரம் இடும் பாத்தியும் உண்டு. எந்தப் பாத்திக்கு எது என்று ஆரம்பத்தில் வகுத்தார்களோ, அதைத்தான் தலைமுறை தலைமுறையாக இட்டு வருகிறார்கள். வெள்ளைக்காரர் ஆட்சி போய், பஞ்சம் போய், பசுமைப் புரட்சி வந்து, கம்பு கேழ்வரகு இருந்த இடத்தில் வீரிய மக்காச்சோளம் வந்த பிறகும் பாத்தியின் விதி மாறவில்லை.

மண், பாலத்துறை வகைச் செம்மண். எங்கள் பக்கத்து மேட்டாங்காட்டு மண்ணுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அதனால் வந்தவர்கள் சுலபமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாத்திக்குள் இறங்கக் கூடாது, வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும். தழைச்சத்து மட்டும் வாங்கிய பாத்தி, ஒன்றுமே வாங்காத பாத்தியைவிடப் பிரமாதமாக இல்லை. மணிச்சத்து கிடைக்காத பயிரின் அடியிலைகளில் ஊதா நிறம் ஓடியிருந்தது. "யூரியா மட்டும் வீசிட்டுப் போற எங்க காடு இதேதான்" என்று ஒருவர் தானாகவே சொன்னார்.

மூன்று சத்தும் அளவாகப் பெற்ற பாத்தி நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ரசாயன உரம் இட்ட மறுநாளே மண் செத்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். இந்த வயல் அப்படிச் சொல்லவில்லை. அளவாக உரம் இட்டால் பயிர் செழிக்கிறது, வேரும் தட்டையும் அதிகமாக மண்ணில் சேருகிறது, அதனால் மண்ணின் கரிமமும் வெறும் பாத்தியைவிடச் சற்று கூடுகிறது. ஆனால் அங்ககக் கரிமம், நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, மண் நொதிகளின் வேகம் என்று எதை அளந்தாலும் தொழு உரம் பெற்ற பாத்தி முன்னால் நிற்கிறது. இதே வளாகத்தில் பெரியநாயக்கன்பாளையம் வகைக் கரிசலில் 1972 முதல் நடக்கும் இன்னொரு நீண்டகால ஆய்வு, சிபாரிசு உரத்தோடு தொழு உரத்தையும் சேர்த்து இட்ட பாத்தியில்தான் விளைச்சல் நிலையாக நிற்கிறது என்று காட்டுகிறது.

"இந்தப் பயிரு எதத் தின்னு வளருது?"

வந்தவர்களில் சோளமும் நிலக்கடலையும் போடும் ஓர் அம்மாள், ஒன்றுமே இடாத பாத்தியின் எதிரே வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், நூறு வருசத்துக்கு மேல ஒண்ணுமே போடலைங்கறீங்க. அப்ப இந்தப் பயிரு எதத் தின்னு வளருது?"

அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் சிறந்தது. விளைச்சல் அங்கே சொற்பம்தான். ஆனால் பூஜ்யமில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறுவடை செய்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை. இருந்தும் பயிர் முளைக்கிறது, கதிர் விடுகிறது. மழையோடு கொஞ்சம் சத்து இறங்குகிறது, பாறைத்துகள் கரைந்து கொஞ்சம் கிடைக்கிறது. மீதியைச் சம்பாதித்துக் கொடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. காற்றில் 78 சதவீதம் தழைச்சத்துதான் என்றாலும், எந்தப் பயிரும் அதை நேரடியாக எடுக்க முடியாது. அசட்டோபாக்டர் மண்ணில் தனியாக இருந்தும், அசோஸ்பைரில்லம் வேரை ஒட்டி வாழ்ந்தும், ரைசோபியம் பயறுவகை வேர்முடிச்சுக்குள் குடியிருந்தும் அதைப் பிடித்துக் கொடுக்கின்றன. மண்ணில் கல்லாய் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைச் சில பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து கரைக்கின்றன. நாம் இடும் டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்தில் அந்தப் பருவப் பயிர் எடுப்பது பெரும்பாலும் கால் பங்கைத் தாண்டாது. மிச்சம் மண்ணில் கட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை மீட்பது இந்தக் கூட்டம்தான். வேர் உட்பூசணம் என்ற பூஞ்சை, வேருக்குள் பாதியும் மண்ணில் பாதியுமாக வாழ்கிறது. வேர் எட்டாத இடத்துக்குத் தன் மெல்லிய இழைகளை நீட்டி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் இழுத்துவந்து பயிரிடம் கொடுக்கிறது. பதிலுக்குப் பயிர் தான் தயாரித்த சர்க்கரையைக் கொடுக்கிறது.

முதல் மழைக்கு எழும் மண்வாசனை நமக்கெல்லாம் பிடிக்கும். அந்த வாசனையை உண்டாக்குவது ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்க் கூட்டம். காசநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல் கிடைத்ததும் இதே கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மண் நுண்ணுயிரிலிருந்துதான்.

ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒன்றில் ஒன்றுமே இடாத பாத்தியின் காய்ந்த மண்கட்டியைப் போட்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கரைந்து சேறானது. மற்றதில் தொழு உரப் பாத்தியின் கட்டி. அது அப்படியே நின்றது. நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் மண்துகள்களைக் கட்டி வைத்திருப்பதுதான் காரணம். அப்படிக் கட்டிய மண்ணில் மழைநீர் உள்ளே இறங்கும். கட்டாத மண்ணில் மேலே ஏடு படிந்து, தண்ணீர் ஓடிவிடும். மானாவாரிக்காரருக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

இப்போது உயிர் உரப் பாக்கெட் விஷயத்துக்கு வருவோம். பாக்கெட்டில் இருப்பவை வேலையாட்கள். வேலையாளுக்குச் சோறு வேண்டும், ஈரம் வேண்டும், நிழல் வேண்டும். அவர்களின் சோறு மக்கிய எரு, தழை, வேர், தட்டை. இவை எதுவும் இல்லாத காய்ந்த மண்ணில், உச்சி வெயிலில், யூரியாவோடு கலந்து வீசினால் அவை அன்றைக்கே மடியும். மருந்து சரியில்லை என்று பாக்கெட்டைக் குறை சொல்லும் முன், கடைசியாக அந்த நிலத்துக்கு எரு எப்போது போனது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

தானியம் மலை ஏறிய கதை

மறுநாள் காலை மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் புறப்பட்டோம். மலை ரயிலுக்குச் சீட்டு கிடைப்பது அரிது என்பதால் எங்கள் பேருந்திலேயே போனோம். கல்லாறு தாண்டியதும் பாக்கு, பர்லியாறு தாண்டியதும் பலாவும் மிளகுக்கொடியும், அதற்கு மேலே தேயிலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் மண்ணின் நிறம் மாறுவதை ஜன்னலோரம் இருந்தவர்கள் சுட்டிக்காட்டிக்கொண்டே வந்தார்கள்.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவை ஒட்டி பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. 1907-ல் தொடங்கியது, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர்போனது. உள்ளே போக அனுமதி கிடையாது. வெளியே நின்றபடிதான் கதையைச் சொன்னேன். ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் இங்கேதான் சத்துணவு ஆராய்ச்சியை நடத்தினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் அந்த ஆய்வுக்கூடம்தான்.

அவருடைய எலிச் சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பச்சைக் காய்கறி, முளைகட்டிய பயறு கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் நம்பிய நம் தென்னாட்டு உணவைத் தின்ற எலிகள் பின்தங்கின. இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு.

1920-களில் கோவையில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்தவர் பி. விஸ்வநாத். பின்னாளில் டெல்லியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்தவர். அவரும் மெக்காரிசனும் சேர்ந்து ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே தானியம், ஒரே ஊர், ஆனால் வெவ்வேறு உரம் என்றால், அதைத் தின்னும் உயிருக்கு வித்தியாசம் தெரியுமா? கோவையின் உர ஆய்வுப் பாத்திகளில் விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் சோதனை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1926-ல் வெளியான முடிவு இது: மாட்டு எரு இட்ட நிலத்துத் தானியம், ரசாயன உரம் மட்டும் இட்ட நிலத்துத் தானியத்தைவிட ஊட்டத்தில் மேலானது.

இதை அப்படியே இன்றைய எல்லாப் பயிருக்கும் பொருத்திவிட முடியாது. பிற்காலத்தில் நடந்த ஆய்வுகளில் சில பயிரில் வித்தியாசம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. ரகம், மண், மழை எல்லாம் இதில் சேரும். ஆனால் அந்த இருவரும் போட்ட கேள்வி சரியான கேள்வி. ஒன்றை இன்று உறுதியாகச் சொல்லலாம். மண்ணில் துத்தநாகம் குறைந்தால் தானியத்திலும் குறையும். தமிழ்நாட்டு மண்ணில் பரவலாகக் காணப்படும் பற்றாக்குறைகளில் துத்தநாகம் முக்கியமானது. வேர் உட்பூசணம் உயிரோடு இருக்கும் மண்ணில் பயிர் அந்தச் சத்தைக் கூடுதலாக எடுக்கிறது. குழந்தையின் வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புக்கும் துத்தநாகம் வேண்டும். நிலத்துப் பூஞ்சைக்கும் தட்டில் இருக்கும் களிக்கும் உள்ள உறவு இதுதான்.

குன்னூரின் தேயிலைக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு இருக்கிறது. இந்தூரில் மட்கு உரம் தயாரிக்கும் முறையை உருவாக்கிய ஆல்பர்ட் ஹோவார்டு, 1937-38-ல் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். மட்கு இட்ட தேயிலையின் வேரில் பூஞ்சை செழித்திருப்பதைக் கண்டு, மெக்காரிசன் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எழுதினார். சில்வர் ஓக் நிழலில், கவாத்துத் தழை மெத்தையாகக் கிடந்த ஒரு தேயிலைச் சரிவில் எங்கள் ஆட்கள் கையால் கிளறிப் பார்த்தார்கள். அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை இழை ஓடியிருந்தது. "நம்ம காட்டுல இப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்லீங்க" என்றார் ஒருவர். கோடையில் மூடாக்கு இல்லாத எங்கள் காட்டு மண், மேல்பரப்பில் ஐம்பது டிகிரி வெப்பத்தைத் தாண்டுகிறது. அங்கே எப்படிப் பார்க்க முடியும்?

"மாட்ட வித்துட்டேனுங்க"

குன்னூரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். "நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. பசங்க திருப்பூருக்குப் போயிட்டாங்க, மாட்டப் பாக்க ஆளில்ல, போன வருசம் வித்துட்டேன். நான் எருவுக்கு எங்க போறது?"

தொழு உரம் ஏக்கருக்கு 5 டன் என்று சிபாரிசு எழுதுவது சுலபம். மாடு இல்லாத வீட்டில் அது வெறும் எழுத்து. அவரிடம் நான் சொன்னவை இவை. தண்ணீர் இருக்கும் வயலென்றால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 40-45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது எருவுக்கு நல்ல மாற்று. மானாவாரியில் கோடை மழைக்குக் கொள்ளு அல்லது நரிப்பயறு விதைத்து உழலாம். முதலமைச்சரின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை மானியத்தில் கிடைக்கிறது, வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். வெள்ளாமை இல்லாத நாளில் ஆட்டுப்பட்டி அடைக்கச் சொல்லலாம். நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சையாகப் போட்டால் பயிர் கருகும். தென்னை நார்க்கழிவோ வைக்கோலோ கலந்து, ஈரம் காத்து, மக்க வைத்த பிறகே இட வேண்டும். கரும்புத் தோகைக்குத் தீ வைப்பதை நிறுத்தினால் அதுவே பல டன் சோறு.

பெரியவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ரெண்டு ஏக்கருக்கும் ஒரே வருசத்துல ஆகாதுங்க. கிணத்தோரம் அரை ஏக்கர்ல ஆரம்பிக்கறேன்" என்றார். அதுதான் நடக்கக்கூடிய வழி.

திரும்பும் வழியில் வந்த கேள்விகள்

*ரசாயன உரத்தை அடியோடு நிறுத்திவிடலாமா?*

எரு சேராத நிலத்தில் திடீரென்று நிறுத்தினால் விளைச்சல் விழும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். எருவும் உயிர் உரமும் முறையாகப் போகும் நிலத்தில் தழைச்சத்து உரத்தைக் கால் பங்கு வரை குறைக்கலாம். அதற்கு மேல் குறைப்பதை அடுத்தடுத்த மண் பரிசோதனை முடிவைப் பார்த்துச் செய்யுங்கள்.

*உயிர் உரத்தை எப்படி இட வேண்டும்?*

விதை நேர்த்திக்கு, ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையோடு புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். பூசணக்கொல்லி நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள். உயிர் உரம் கடைசியாகத்தான். மண்ணில் இட, ஏக்கருக்கு 200 மி.லி. திரவ உயிர் உரத்தை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது மாலையில் தூவுங்கள். ரசாயன உரத்தோடு ஒன்றாகக் கலக்காதீர்கள். பாக்கெட்டை வெயிலில் வைக்காதீர்கள், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

*தட்டையை மடக்கி உழுதேன், அடுத்த பயிர் மஞ்சளாகிவிட்டது. ஏன்?*

தட்டையில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில வாரம் பயிரோடு போட்டி இருக்கும், பிறகு அது மண்ணுக்கே திரும்பிவிடும். உழுததற்கும் விதைப்புக்கும் போதிய இடைவெளி விடுங்கள், அல்லது உழும்போது சாணக்கரைசலோ கொஞ்சம் யூரியாவோ சேருங்கள்.

*ஜீவாமிர்தம் ஊற்றினால் எரு வேண்டாம்தானே?*

வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலில் இருக்கும் சத்தின் அளவு குறைவு. அது ஒரு நுண்ணுயிர்க் கரைசல். மூடாக்கும் மக்கும் இருந்தால்தான் அவை மண்ணில் நிலைக்கும்.

*கீரை, தக்காளிக்குப் பச்சைச் சாணம் கரைத்து ஊற்றலாமா?*

பச்சையாகச் சாப்பிடும் காய்க்கும் கீரைக்கும் கூடாது. சாணத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளும் இருக்கலாம். நன்றாக மக்கிய எருவில் சூடேறி அவை பெரும்பாலும் அழிந்துவிடும்.

*என் மண்ணில் உயிர் இருக்கிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?*

மூன்று வழி. நிலக்கடலை, உளுந்து 30-40 நாள் பயிராக இருக்கும்போது ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. இரண்டாவது, கோவையில் பார்த்த டம்ளர் சோதனை. மூன்றாவது, ஒரே அளவில் இரண்டு வெள்ளைப் பருத்தித் துண்டுகளை, பழைய வேட்டியில் கிழித்தது போதும், எரு போகும் வயலில் ஒன்றும் எரு போகாத வயலில் ஒன்றுமாக அரை அடி ஆழத்தில் புதையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டுங்கள். உயிருள்ள மண் துணியைத் தின்று நைந்த நூலாக்கியிருக்கும். உயிர் குறைந்த மண்ணில் துணி கிட்டத்தட்ட முழுசாக வரும்.

எங்கள் வட்டாரத்தில் பதினோரு பேர் துணி புதைத்திருக்கிறார்கள். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் தோண்டிப் பார்த்துவிட்டு, எந்த வயலுக்கு முதலில் தக்கைப்பூண்டு விதை வாங்குவது என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. நீங்களும் புதைத்துப் பாருங்கள். துணி எந்த நிலையில் வந்தது, அந்த வயலுக்குக் கடைசியாக எப்போது எரு போட்டீர்கள் என்ற இரண்டையும் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.